சகலையின் உட்கார்ந்த உயரம்

மில்லி என்று அவருக்குப் பெயர் வைத்தவர் எதிர்ப்பட்டறைக்காரர். தெருவில் எல்லோரும் சென்டிமீட்டரிலும் இஞ்சிலும் பேசும்போது, இந்த வெல்டர் மட்டும் மில்லிமீட்டரில் பேசுவார். ஜன்னல் கம்பிக்கு அளவெடுக்கப் போனால் ஒரே ஜன்னலை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளப்பார். வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "ஒரு ஜன்னல் தானேய்யா" என்றால், "ஜன்னல் ஒண்ணுதான். கட்டினவர் மனசு மூணு தினுசா இருந்திருக்கே" என்பார். இப்பேர்ப்பட்டவர் ஒரு வேலையில் நூறு மில்லிமீட்டரைக் கோட்டைவிட்டார். சொன்னால் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் அவரும் சொன்னதில்லை.

வேலை அவருடைய சகலையின் ஜீப்பில். சகலை என்றால் மனைவியின் அக்கா கணவர். பல் டாக்டர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள் குனிந்து பார்த்துப் பார்த்து அதில் பாதியைத் தொலைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நிமிர்வார். அன்றைக்கு மேல்மூடி இல்லாத அந்தப் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு, ரோடே இல்லாத இடமாகத் தேடிப் போவார். கூட அவரைப் போலவே நல்ல ரோடு பிடிக்காத ஏழெட்டுப் பேர். அதற்கு ஒரு கிளப்.

சகலைக்கும் மில்லிக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. அடிதடி எதுவும் நடக்கவில்லை. டாக்டர் வீட்டு வாசல் கேட்டை மில்லி செய்து கொடுத்தார். மாட்டி முடித்து, கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது யாரோ வந்து, "கேட்டு புதுசா?" என்று விசாரித்தார்கள். டாக்டர், "சொந்தக்காரர்னு குடுத்தோம். பரவால்ல, நிக்குது" என்றார். அந்த 'நிக்குது'தான் தைத்துவிட்டது. நாற்பது கிலோ இரும்பை ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கும்படி செய்துவைத்தால், நிற்கிறதாம். மில்லி தாழ்ப்பாளை முடித்தார், கருவிகளைப் பையில் போட்டார், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே செய்தி போக்குவரத்து அக்காளும் தங்கையும்தான். ஒரே அறையில் நான்கு பேரும் இருந்தாலும், "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்று இவர் தன் மனைவியிடம் சொல்வார். அவள் அக்காவிடம் சொல்வாள். அக்கா கணவரிடம் சொல்வாள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர், மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் காதில் விழுந்ததாக எழுந்திருப்பார். பெண்கள் முதலில் கோபப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

கிளப்பில் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். திறந்த வண்டி எதுவானாலும் ரோல் கேஜ் இருக்க வேண்டும். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் எடையைத் தாங்கி, உள்ளே இருப்பவரை நசுங்காமல் காப்பாற்றும் குழாய்க் கூண்டு அது. இல்லாத வண்டிக்கு மலைப்பாதையில் அனுமதி இல்லை. டாக்டர் நகரத்தில் பெரிய கடையொன்றில் விசாரிக்கப் போனார். அக்கா குறுக்கே விழுந்தாள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் செஞ்சா வண்டியில ஏறுவேன். வேற யார் செஞ்சாலும் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

டாக்டருக்கு இறங்கி வருவதைத் தவிர வழி இல்லை. மில்லிக்கும் மறுக்க மனம் வரவில்லை. மூன்று வருடமாக அந்த மனிதருக்கு ஒன்றைக் காட்ட வேண்டுமென்று கை குறுகுறுத்துக்கொண்டிருந்தது. ஒரு திங்கள்கிழமை ஜீப்பை அக்காவே ஓட்டிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டாள். "தம்பி, பாத்துச் செய்ங்க" என்றாள்.

பார்த்துத்தான் செய்தார். சீட்டுகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். தரைவிரிப்பைச் சுருட்டி, தகட்டைச் சுரண்டிப் பார்த்தார். கூண்டின் காலைத் தரைத் தகட்டின்மேல் மட்டும் வைத்து முடுக்கினால், வண்டி உருளும்போது கால் தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு காலையும் கீழே இருக்கும் அடிச்சட்டத்தோடு பிணைத்தார். கேட்டுக்குப் போடும் குழாயைத் தொடவே இல்லை. நீளவாக்கில் ஒட்டு இல்லாத கனத்த குழாய் வரவழைத்தார். முதலில் மெல்லிய கம்பியை வளைத்து வண்டிக்குள் வைத்துப் பார்த்து, கம்பியைப் பார்த்துக் குழாயை வளைத்தார். சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு ஒரே குழாய். அதில் ஒட்டுப் போடக்கூடாது. ஒட்டு இருந்தால் கிளப்பில் சோதனை போடுகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் விட்டாலும் மில்லி விடமாட்டார்.

தலைக்கு மேலே போகும் குழாயின் உயரம்தான் பாக்கி. அது வண்டியின் அளவு இல்லை, மனிதரின் அளவு. ஓட்டுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் நான்கு விரல் இடம் இருக்க வேண்டும். இடம் குறைந்தால், காப்பாற்ற வைத்த குழாயே மண்டையில் இறங்கும். வேண்டியமட்டும் உயர்த்திவிடலாமென்றால் அதுவும் ஆகாது. மேலே கனம் ஏற ஏற வண்டி சீக்கிரம் சாயும். ஆகவே ஆளை உட்காரவைத்து அளக்க வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டுமே! மில்லி மனைவியிடம் சொன்னார். பட்டறையில் தேய்ப்பு வேலையும் பெயின்ட் வேலையும் அவள்தான். மூக்குவரை கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, மாமா உட்கார்ந்தா உயரம் எவ்வளவுன்னு கேக்கறார். சீட்டுலேர்ந்து உச்சந்தலை வரைக்கும்."

மறுநாள் பதில் வந்தது. எண்பத்து நான்கு.

"இஞ்சா, சென்டியா?" என்றார் மில்லி.

"இஞ்சா இருந்தா அவர் பனைமரம். சென்டிதான்."

மில்லி சுவரில் சாய்ந்து யோசித்தார். தன் உட்கார்ந்த உயரம் அவருக்குத் தெரியும், எண்ணூற்று எண்பது. அதாவது, நின்றால் காதுக்குக்கூட எட்டாத இவர், உட்கார்ந்தால் டாக்டரைவிட நாற்பது மில்லிமீட்டர் அதிகம்.

"அப்போ எல்லாம் காலுதான்" என்றார். "ஒட்டகச்சிவிங்கி மாதிரி காலு. உட்கார்ந்தா ஒண்ணுமில்ல."

அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. சாப்பிடும்போது தானாகச் சிரித்துக்கொண்டார். எதையும் மூன்று முறை அளக்கிறவர், இந்த ஒரு எண்ணை மட்டும் வாய்வழி வந்தபடியே கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். எண்ணூற்று நாற்பதோடு ஹெல்மெட்டுக்கு ஐம்பது, இடைவெளிக்கு எண்பது. சீட்டிலிருந்து தொள்ளாயிரத்து எழுபது. குழாய் அந்த உயரத்தில் ஏறியது.

அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்துப் பார்த்து, கோணல் இல்லை என்று தெரிந்த பிறகு முழுசாகப் பற்றவைத்தார். மனைவி தேய்த்து, கறுப்புப் பெயின்ட் இரண்டு கை அடித்து, தலைப்பக்கக் குழாய்களுக்கு ஸ்பாஞ்சு உறை மாட்டினாள். எதிர்ப்பட்டறைக்காரர் வந்து குழாய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள சிங்கத்தையே வளக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை மில்லி வெளிவேலையில் இருந்தபோது அக்கா வந்து ஜீப்பை எடுத்துப் போனாள். ஞாயிறு காலையில் மலைப்பாதை.

சனிக்கிழமை காலை மனைவியின் ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. அக்கா அனுப்பியிருந்தாள். டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தலைமயிருக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே ஒரு பென்சிலைச் செருகலாம், அவ்வளவுதான். ஹெல்மெட்டுக்கு இடமே இல்லை.

மில்லி படத்தை விரலால் பெரிதாக்கினார். சின்னதாக்கினார். மறுபடியும் பெரிதாக்கினார்.

"உங்க அக்கா எப்படி அளந்தாங்கன்னு கேளு."

அவள் கேட்டாள். கேட்டுவிட்டு ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"சாப்பிட்டுட்டு இருக்கும்போது பின்னாடி நின்னு அளந்தாளாம். நீங்க கேட்டீங்கன்னு சொன்னா அளக்க விடமாட்டார்னு சொல்லலையாம். தன் பிறந்தநாளைக்கு அவ சட்டை தைக்கப் போறான்னு அவர் நினைச்சிட்டாராம்."

"சாப்பிடும்போதுன்னா?"

"தட்டுமேல குனிஞ்சுதான் இருந்தாராம்."

மில்லிக்கு அக்காவின்மேல் கோபம் வரவில்லை. அவள் கேட்டதைச் செய்தாள். கோபமெல்லாம் தன்மேல்தான். அந்த எண்ணை ஏன் மறுபடி அளக்கவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதை மனைவியிடம்கூடச் சொல்லக் கூசியது.

"ஏங்க, ரொம்ப மோசமா?" என்றாள்.

"மேடு பள்ளத்துல குதிச்சாலே மண்டை அடிக்கும். கவுந்தா கழுத்துதான்."

அவள் உடனே அக்காவிடம், தலை தட்டும், நாளைக்குப் போக வேண்டாம் என்று சொன்னாள். அக்கா டாக்டரிடம் சொன்னாள். பதில் அதே பாதையில் திரும்பி வந்தது.

"குனிஞ்சுக்கறாராம்."

"குனிஞ்சு வண்டி ஓட்டுவாரா? திரும்பச் சொல்லு. உசிருக்கு ஆபத்துன்னு சொல்லு."

இந்தமுறை பதில் வர நேரமாயிற்று. வந்ததை மனைவி முழுவதும் சொல்லவில்லை. மில்லி வற்புறுத்திய பிறகு சொன்னாள். "கடைசி நேரத்துல எதுக்கு பயமுறுத்தறார், சரியா வராதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னாராம். மூணு மாசமா காத்திருந்தாராம். கண்டிப்பா போறாராம்."

மில்லி வெளியே வந்து பட்டறைப் படியில் உட்கார்ந்தார். சொல்லியாயிற்று, கேட்கவில்லை, நம் கடமை முடிந்தது என்று ஒரு கால்மணி நேரம் தன்னைத் தானே சமாதானம் செய்து பார்த்தார். எடுபடவில்லை. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பென்சில் இடைவெளி கண்ணிலேயே நின்றது. பிடிக்காத மனிதர்தான். ஆனாலும் தன் கையால் பற்றவைத்த குழாயில் அந்த மனிதரின் தலை மோதுவதை நினைத்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

கூண்டை வெட்டி உயர்த்த முடியாது. ஒட்டு விழும். புதிதாகச் செய்ய நாள் இல்லை. குழாயை மேலே தூக்க முடியாவிட்டால் ஆளைக் கீழே இறக்க வேண்டும். சீட்டு ஒரு பெட்டிச் சட்டத்தின்மேல் இருக்கிறது. சட்டத்தில் நூறு மில்லிமீட்டர் வெட்டி எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். கட்டர், வெல்டிங் மெஷின், வயர் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மனைவி கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

டாக்டர் வாசலில் ஜீப்பின் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மில்லியைப் பார்த்ததும் நிமிர்ந்து, தன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

மில்லி கையில் கட்டரோடு நின்றார். வரும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் இருந்தன. தப்பு என்னோடதுதான் என்பது முதல் வார்த்தை. அதை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, சீட்டு உசரமா இருக்கு. இந்த மாதிரி வண்டியில சீட்டு அப்படித்தான். கொஞ்சம் இறக்கிடறேன்னு சொல்லுங்க."

அக்கா சொன்னாள். இரண்டடி தள்ளி நின்ற டாக்டர் அதை அப்போதுதான் கேட்பதுபோல் கேட்டார். "எவ்வளவு நேரமாகும்னு கேளு" என்றார்.

"மூணு மணி நேரம்னு சொல்லுங்க அண்ணி."

இரண்டரை மணி நேரத்தில் முடித்தார். டாக்டரை உட்காரச் சொல்லி, நிமிரச் சொல்லி, ஹெல்மெட் போடச் சொல்லி, பெல்ட்டை இறுக்கச் சொல்லி, எல்லாவற்றையும் அக்கா வழியாகவே சொல்லி, தன் நான்கு விரல்களைச் சேர்த்து ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுப் பார்த்தார். சரியாகப் போயிற்று. அக்காவின் சீட்டில் கை வைக்கவில்லை. ஆகவே பக்கத்தில் அக்கா உட்கார்ந்தபோது, முதன்முறையாக இரண்டு தலையும் ஒரே உயரத்தில் இருந்தன.

"பானெட் பாதிதான் தெரியுதுன்னு சொல்லு" என்றார் டாக்டர்.

"நாங்கல்லாம் அப்படித்தான் பாக்கறோம்னு சொல்லுங்க அண்ணி" என்றார் மில்லி. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. இருந்தும் மில்லி காலையிலேயே வந்து, ஆணிகளையும் போல்ட்டுகளையும் கொட்டி அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னது குடைந்துகொண்டே இருந்தது. சீட்டு உசரமாம். எந்த ஜீப்பிலும் அந்தச் சீட்டு அதே உயரம்தான். பதினொன்றரைக்கு அவருடைய ஃபோன் அடித்தது. மனைவியின் ஃபோன் இல்லை, அவருடையது. அக்காவின் எண்.

"தம்பி," அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "வண்டி கவுந்துடுச்சு."

மில்லியின் கையிலிருந்து போல்ட்டுகள் தரையில் சிதறின.

"நான் நல்லா இருக்கேன். மேடு வந்ததும் நான் இறங்கி நடந்துட்டேன். இவருதான் உள்ள. தலைகீழா தொங்கறார். பேசறார். மத்த வண்டியெல்லாம் பின்னாடி வருது. அதுக்குள்ள இறங்கணும்னு குதிக்கறார். பெல்ட்டைக் கழட்டலாமான்னு உங்ககிட்ட கேக்கச் சொல்றார். தலை கீழ இடிக்குமாம்..."

"அண்ணி."

"வலது கையால கழட்டலாமா இல்ல..."

"அண்ணி, ஃபோனை அவர் காதுல வைங்க."

சரளையில் நடக்கும் ஒலி, உடை உரசும் ஒலி. அப்புறம் மூன்று வருடமாக அடுத்தவர் வழியாகவே வந்த குரல் காதுக்குள் வந்தது.

"ம்."

"சகலை, சாவியை ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன்."

"பெட்ரோல் வாசனை?"

"இல்ல."

"பெல்ட்டுல கை வைக்காதீங்க. முதல்ல கழுத்தை மெதுவா ரெண்டு பக்கமும் திருப்புங்க. வலிக்குதா?"

"இல்ல. மூக்குலதான் ரத்தம் ஏறுது."

"சரி. இடது கையை நீட்டி, தலைக்கிட்ட இருக்கற குழாயில உள்ளங்கையை அழுத்தி ஊனுங்க. முட்டியை மடக்கி டேஷ்போர்டுல முட்டுக் குடுங்க. குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன். நாலு விரல்னு வெச்சீங்க. இப்ப ரெண்டுதான் இருக்கு."

"தொங்கும்போது பெல்ட்டு நீளும். அதுக்குத்தான் நாலு."

மில்லி மனதில் கணக்கு தானாக ஓடியது. நேற்று சீட்டை இறக்காமல் இருந்திருந்தால், அந்த இரண்டு விரல் எங்கே போயிருக்கும் என்று தெரிந்தது. போல்ட்டுகளின் நடுவிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"இப்ப வலது கையால கழட்டுங்க. இடது கை எடுக்காதீங்க."

பெல்ட் விடுபடும் ஓசை கேட்டது. ஏதோ இடித்தது. ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. அக்காவின் அலறல் கேட்டது. பிறகு நீண்ட நேரம் மூச்சு மட்டும்.

"வந்துட்டேன்" என்றார் டாக்டர். "கூண்டு அப்படியே இருக்கு. முன் கண்ணாடிதான் போச்சு."

மில்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்க்க யாரும் இல்லாததால் துடைக்கவில்லை. வைத்துவிடலாம்தான். வைத்துவிட்டால் பிறகு எப்போதும் சொல்ல வராது.

"சகலை, சீட்டு உசரமெல்லாம் இல்ல. நான் போட்ட அளவு தப்பு. நீங்க குனிஞ்சிருக்கும்போது எடுத்த அளவு. வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். உட்கார்ந்தா உங்களைவிட நான் உசரம்னு கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு. அதனால திருப்பி அளக்கல."

காற்றின் இரைச்சல் கேட்டது.

"எவ்வளவு உசரம்?"

"நாப்பது மில்லி."

"நாலு சென்டிமீட்டருக்கா?"

"ஆமா."

டாக்டர் சிரித்தாரா, இருமினாரா, மில்லியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தூரத்தில் வண்டிகள் வந்து நிற்கும் சத்தமும், கதவுகள் அறைபடும் சத்தமும், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும் சத்தமும் எழுந்தன.

"வண்டியை நிமித்த ஆள் வந்துட்டாங்க" என்றார் டாக்டர். "கூண்டுல எங்க கயிறு கட்டி இழுக்கலாம்னு நீங்கதான் சொல்லணும். வெச்சிடாதீங்க."

மில்லி வைக்கவில்லை.